பராமரிப்பு இல்லம் எப்போது வீடாகும்?

தமிழ்நாட்டில் ஒரு கட்டடத்தில் 'நர்சிங் ஹோம்' என்று பலகை இருந்தால் அது பத்து, இருபது படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை என்று பொருள். பிரசவத்துக்கும் குடல்வால் அறுவைக்கும் போய்ச் சில நாளில் வீடு திரும்பும் இடம் அது. அமெரிக்காவில் அதே பெயர் வேறொன்றைக் குறிக்கிறது. அங்கே சேர்கிறவர்களில் ஒரு பகுதியினர் அறுவை சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் தங்கித் தேறித் திரும்புகிறார்கள். மற்றவர்கள் திரும்புவதில்லை. எழுந்து நடக்க, குளிக்க, உண்ண, கழிப்பறைக்குப் போகப் பிறர் கை வேண்டியிருக்கும் அவர்கள் வாழ்நாளின் கடைசிப் பகுதியை அங்கேயே கழிக்கிறார்கள். அந்நாட்டில் இப்படி ஏறத்தாழ 15,000 இல்லங்கள் உள்ளன. சுமார் 12 லட்சம் பேர் அவற்றில் வசிக்கிறார்கள். பெயரிலேயே வீடு இருக்கிறது. உள்ளே வீடு இருக்கிறதா என்ற கேள்வியை அந்நாட்டு அரசு ஒரு விதியாகவே எழுதிவைத்து, ஆய்வாளர்களை அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகள் எவை, அவற்றில் எவை நிற்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பராமரிப்பு இல்லங்களில் நடந்த அவலங்கள் 1970களில் செனட் விசாரணைகளிலும் நாளிதழ்களிலும் தொடர்ந்து வெளிவந்தன. 1986இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைத்த குழு விரிவான அறிக்கை ஒன்றைத் தந்தது. அதை அடியொற்றி 1987 டிசம்பரில் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் எந்த இல்லமும் பாதுகாப்பான, தூய்மையான, வசதியான, வீடு போன்ற சூழலைத் தரவேண்டும் என்பது அதன் வழிவந்த விதி. இல்லவாசி தன் சொந்தப் பொருள்களை, இடம் அனுமதிக்கும் அளவுக்கு மேசை நாற்காலி உட்பட, கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். தனக்கென அலமாரி இருக்கவேண்டும். விரிப்புகள் தூய்மையாக இருக்கவேண்டும். வெளிச்சம் போதுமானதாகவும் ஓசை தொந்தரவு தராத அளவிலும் இருக்கவேண்டும். அறை வெப்பநிலை 71 முதல் 81 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 22 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கவேண்டும்.

வெப்பத்தை வெப்பமானியால் அளந்துவிடலாம். வீடு போல இருக்கிறதா என்பதை எதை வைத்து அளப்பது? ஆய்வாளர்களுக்கான கையேடு இதற்கு ஒரு வழி சொல்கிறது. எவையெல்லாம் இருந்தால் அது மருத்துவமனை போலத் தோன்றுமோ அவற்றைப் பட்டியலிட்டு, படிப்படியாக விலக்கச் சொல்கிறது. ஒலிபெருக்கியில் ஊழியரை அழைப்பது, உணவறையிலும் தட்டத்தை அப்படியே எதிரில் வைத்துப் பரிமாறுவது, மருந்துத் தள்ளுவண்டி, நடைபாதையின் நடுவில் பெரிய செவிலியர் மேடை, மொத்தக் கொள்முதலில் வாங்கிய ஒரே மாதிரித் திரைச்சீலைகள், படுக்கையிலிருந்து அசைந்தாலே அலறும் எச்சரிக்கை மணிகள் ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. எனக்கு அந்தக் கையேட்டில் மிகவும் பிடித்த வரி வேறு. இடம் வீடு போல இருக்கிறதா என்று முடிவுசெய்யும்போது அங்கே வசிப்பவரின் கருத்தையும் கேட்டாகவேண்டும் என்கிறது அது. எளிய வரிதான். ஆனால் இத்துறையின் நூறாண்டு வரலாற்றில் அந்தக் கேள்வி அநேகமாகக் கேட்கப்பட்டதே இல்லை.

இந்த இல்லங்கள் மருத்துவமனை உருவை ஏன் எடுத்தன என்பதற்குக் காரணம் பணம் வந்த வழிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆதரவற்ற முதியவருக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த புகலிடம் ஏழை விடுதி. 1935இல் அமெரிக்காவில் முதியோர் உதவித்தொகை வந்தபோது, பொது விடுதிகளில் இருப்போருக்கு அது கிடையாது என்று சட்டம் சொன்னது. அந்தத் தொகையை நம்பித் தனியார் விடுதிகள் முளைத்தன. 1954இல் மருத்துவமனைக் கட்டுமானத்துக்கான மத்திய நிதி முதியோர் இல்லங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. நிதியோடு மருத்துவமனையின் கட்டட இலக்கணமும் சேர்ந்தே வந்தது. நீண்ட நடைபாதை, இருபுறமும் அறைகள், நடுவில் செவிலியர் மேடை, பளபளக்கும் தரை எல்லாம் அப்படி வந்தவை. ஒரு செவிலியர் பலரைக் கண்காணிக்க அது நல்ல அமைப்பு. ஒருவர் பத்தாண்டு வாழ்வதற்கு என்று யாரும் அதை வரையவில்லை. 1965இல் முதியோருக்கான மெடிக்கேர், வறியவர்களுக்கான மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் வந்தபின் அதே வடிவம் நாடெங்கும் பெருகியது.

இங்கிலாந்தின் கதை இதற்கு அண்டை வீடு. ஏழை விடுதிகளுக்கு முடிவுகட்டுவதாக 1948ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. பத்தாண்டுக்குப் பின் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார். அவற்றில் பல, புதுப் பெயரில் இயங்கிய பழைய ஏழை விடுதிகளே. 1962இல் அவர் வெளியிட்ட 'தி லாஸ்ட் ரெஃப்யூஜ்' இந்தத் துறையில் இன்றும் தவிர்க்க முடியாத நூல். அதற்கு ஓராண்டு முன்பு இன்னொரு சமூகவியலாளரான எர்விங் காஃப்மன், வாஷிங்டனில் உள்ள மனநல மருத்துவமனை ஒன்றில் ஓராண்டு கள ஆய்வு செய்தபின், உறக்கம், வேலை, பொழுதுபோக்கு மூன்றும் ஒரே இடத்தில் ஒரே அதிகாரத்தின் கீழ் ஒரே நேர அட்டவணையில் நடக்கும் நிறுவனங்களைப் பற்றி எழுதினார். வெளியே இருக்கும் நாம் ஓரிடத்தில் உறங்கி, இன்னோரிடத்தில் உழைத்து, மூன்றாவது இடத்தில் நண்பர்களைச் சந்திக்கிறோம். அந்த மூன்றுக்கும் நடுவே இருக்கும் சுவர்கள் இடிந்துபோனால் மனிதர் என்ன ஆகிறார் என்பது அவர் கேள்வி. முதியோர் இல்லங்களையும் அவர் இந்த வகையில்தான் சேர்த்தார்.

1975இல் சமூகவியலாளர் ஜேபர் குப்ரியம் ஓர் அமெரிக்க இல்லத்துக்குள் பல மாதம் இருந்து எழுதியது இன்னும் நெருக்கமான சித்திரம். ஊழியர்களின் அன்றாட உழைப்பைப் 'படுக்கை, உடல் வேலை' என்று அவர் குறித்தார். குளிப்பாட்டுவது, விரிப்பு மாற்றுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது ஆகியவையே கணக்கில் ஏறுகின்றன. பாட்டி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு தன் மகனைப் பற்றிச் சொல்வதைப் பத்து நிமிடம் கேட்டால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொருவரின் விரிப்பு மாறாமல் கிடக்கும். ஊழியர் கல்நெஞ்சர் என்பதால் இப்படி ஆவதில்லை. வேலை அப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

இத்தனை எழுத்தும் நோயைச் சொன்னது. மருந்தைத் தேடிய முயற்சிகளில் முதலில் பெயர் பெற்றது 1976இல் உளவியலாளர்கள் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் கனெக்டிகட்டில் செய்த சோதனை. ஓர் இல்லத்தின் இரண்டு தளங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு தளத்தாரிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த இரவில் திரைப்படம் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு என்று நிர்வாகி பேசினார். ஒரு செடியைத் தேர்ந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி, அதற்கு அவர்களையே தண்ணீர் ஊற்றச் சொன்னார். மற்றத் தளத்தாரிடம், உங்களுக்கு வேண்டியதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அன்பாகவே சொல்லப்பட்டது. அவர்களுக்கும் செடி கிடைத்தது, தண்ணீரை மட்டும் செவிலியர் ஊற்றினார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்தார் அதிகச் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் தளத்தில் இறந்தவர்கள் 15 சதவீதம், மற்றதில் 30 சதவீதம். மாதிரி மிகச் சிறியது என்பதால் அந்த இறப்புக் கணக்கை வைத்துப் பெரிய முடிவு எதற்கும் நான் வரமாட்டேன். என்னைத் தொட்டது இரண்டாம் தளத்துப் பேச்சின் அன்பு. எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதைவிடக் கனிவான சொல் நம் குடும்பங்களிலும் இல்லை. ஒருவரிடம் மிச்சமிருக்கும் பொறுப்பைப் பறிப்பதும் அதே சொல்தான்.

பில் தாமஸ் என்ற இளம் மருத்துவர் 1991இல் நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரில் ஓர் இல்லத்தின் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். அங்கே சுமார் 80 பேர் இருந்தார்கள். அவர்களைக் கொல்வது தனிமை, கையாலாகாமை, சலிப்பு என்ற மூன்று நோய்கள் என்று அவர் முடிவுசெய்தார். இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு பறவைகள் உள்ளே வந்தன. தோட்டம் போட்டார்கள், ஊழியர்களின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கே வந்தார்கள். அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே 2014இல் வெளியிட்ட 'பீயிங் மார்ட்டல்' நூலில் இந்தக் கதையை விரிவாகச் சொல்லியிருக்கிறார். பேசுவதையே நிறுத்தியிருந்தவர்கள் பேசினார்கள், எழாதவர்கள் நாயை நடத்திச் செல்லக் கேட்டார்கள், மருந்துச் செலவு குறைந்தது. தாமஸின் முறை 'ஈடன்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. பரவிய இடங்களில் எல்லாம் அதே பலன் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பறவைக் கூண்டை வாங்கி வைத்துவிட்டு, எழுப்பும் நேரத்தையும் குளிப்பாட்டும் அட்டவணையையும் பழையபடி விட்ட இல்லங்களில் கூண்டு ஓர் அலங்காரப் பொருளாக நின்றிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

தாமஸும் பழைய கட்டடத்துக்குள் எவ்வளவு மாற்றினாலும் ஓரெல்லைக்கு மேல் போகாது என்று கண்டுகொண்டார். 2003இல் மிசிசிப்பி மாநிலத்தின் டூபலோ நகரில் முதல் 'கிரீன் ஹவுஸ்' வீடுகள் எழுந்தன. ஒரு வீட்டில் பத்து முதல் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனிக் குளியலறை. நடுவில் கூடமும் திறந்த சமையலறையும், எல்லோரும் உட்காரும் நீண்ட மேசையும். சமைப்பது, துணி துவைப்பது, குளிப்பாட்டுவது எல்லாவற்றையும் அதே சில பணியாளர்கள் செய்கிறார்கள். செவிலியர் வந்து போகிறார். வெங்காயம் வதங்கும் வாசனை அறைவரை வருகிறது. பசி எடுக்க அந்த வாசனையைவிட நல்ல மருந்து கிடையாது. ரோசலி கேன் தலைமையில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, டூபலோ வீடுகளில் இருந்தவர்கள் வழக்கமான இல்லங்களில் இருந்தவர்களைவிட வாழ்க்கைத் தரத்தைப் பல கூறுகளில் உயர்வாக மதிப்பிட்டதைக் காட்டியது.

கோவிட் காலம் இதற்கு யாரும் விரும்பாத ஒரு சோதனையாக அமைந்தது. 2020 மார்ச்சில் அமெரிக்க இல்லங்களின் கதவுகள் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டன. மகள் சன்னலுக்கு வெளியே, தாய் உள்ளே. அந்நாட்டு இல்லங்களில் மாண்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பத்துப் பன்னிரண்டு பேர் வாழ்ந்த சிறு வீடுகளில் தொற்றும் சாவும் பெரிய இல்லங்களைவிடக் குறைவாக இருந்ததை 2021இல் வெளிவந்த ஆய்வு பதிவுசெய்தது. தனி அறையும், வந்துபோகும் கைகள் குறைவாக இருந்ததும் காரணம். சிறு வீட்டை வசதியானவர்களின் ஆடம்பரம் என்று சொல்லிவந்தவர்களுக்கு இது போதுமான விடை.

நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009இல் திறந்த 'டி ஹோகவேக்' வேறொரு பாதை. மறதிநோய் முற்றியவர்களுக்காக 23 வீடுகள் கொண்ட ஒரு சிற்றூரையே கட்டினார்கள். கடை உண்டு, உணவகம் உண்டு, அரங்கு உண்டு, தெரு உண்டு, வெளிவாசல் மட்டும் காவலில். வாழ்ந்த வாழ்க்கையின் பாங்கைப் பார்த்து ஒத்தவர்களை ஒரே வீட்டில் சேர்த்தார்கள். இந்தோனேசியாவில் வாழ்ந்த பழக்கம் உள்ளவர்களுக்கென்று தனி வீடுகூட இருந்தது. இது பொய்யான ஊர் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. அங்கே கடையில் வாங்கும் முட்டை உண்மையான முட்டை, அது அன்று மாலை அவர் வீட்டில் பொரிகிறது. ஜெர்மனியில் சில இல்லங்கள் வாசலில் பேருந்து நிறுத்தம் ஒன்றை நட்டு, வீட்டுக்குப் போகவேண்டும் என்று தவிக்கும் முதியவரை அங்கே உட்காரவைத்ததோடு இதை ஒன்றாக்கக் கூடாது. அந்த நிறுத்தத்துக்குப் பேருந்து வருவதே இல்லை. பூட்டிய கதவை முட்டுவதைவிட அது மென்மையானது என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற ஏக்கத்துக்கு அங்கே கிடைத்தது காத்திருப்பு மட்டுமே.

அந்த ஏக்கத்துக்கு 1990இல் ஜூடித் கார்போனி என்ற செவிலிய ஆய்வாளர் வைத்த பெயர் வீடின்மை. கூரை இருக்கிறது, உணவு இருக்கிறது, படுக்கை இருக்கிறது. இருந்தும் தெருவில் இருப்பவர் போல வீடற்றவராகத் தம்மை இல்லவாசி உணர்கிறார் என்று அவர் வாதிட்டார். அவர் சொன்னதோடு அமெரிக்க விதிகளின் இன்னொரு பக்கத்தைச் சேர்த்துப் பார்க்கலாம். பலர் பகிரும் அறையில் ஒருவருக்கு 80 சதுர அடி இருந்தால் விதிப்படி போதும். எட்டடிக்குப் பத்தடி. நான்கு பேர் வரை ஓர் அறையில் இருக்கலாம். 2016 நவம்பருக்குப் பின் அனுமதி பெறும் புதுக் கட்டடங்களில்தான் அது இரண்டு பேராகக் குறைந்தது. முன்பின் தெரியாதவரோடு நடுவில் ஒரு திரைச்சீலையை வைத்து உறங்குவதற்கு எந்த நிறத் திரை நல்லது என்று விவாதிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாத்திக்கொள்ளக் கதவும், தட்டிவிட்டு உள்ளே வரும் மனிதரும் வேண்டும். ஜப்பான் 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கிய இரண்டாண்டில், புதிய இல்லங்களில் தனி அறைகளும் பத்துப் பேர் அளவுக்கு ஒரு பொதுக் கூடமும் என்ற வடிவத்தை அரசுக் கொள்கையாகவே எடுத்தது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள் என்பதால் அது சாத்தியமானது.

சிறு மாற்றங்கள் பயனற்றவை என்று சொல்லவில்லை. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போகிறது. நெதர்லாந்தில் 12 இல்லங்களில் பகலில் கூடத்து விளக்கைப் பிரகாசமாக்கிப் பார்த்தபோது மனச்சோர்வு ஓரளவு குறைந்தது. 2008இல் வந்த ஆய்வு இது. அதே நாட்டில் தட்டத்தில் வைத்துக் கொடுப்பதை விட்டு, மேசையில் கிண்ணங்களை வைத்து எல்லோரும் சேர்ந்து பரிமாறி உண்ணச் செய்த ஐந்து இல்லங்களின் ஆய்வு 2006இல் வெளியானது. ஆறு மாதத்தில் அவர்கள் எடை காத்தார்கள், பழைய முறையில் உண்டவர்கள் இளைத்தார்கள். குழம்புக் கரண்டியைக் கையில் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை.

இத்துறையில் எல்லா உரையாடலும் ஒரு கட்டத்தில் பாதுகாப்பு என்ற சொல்லில் போய் முட்டிக்கொள்ளும். கம்பளம் விரித்தால் தடுக்கும், சொந்த நாற்காலி வைத்தால் விழுவார், கத்தி கொடுத்தால் வெட்டிக்கொள்வார். விழாமல் இருக்கவே ஒருகாலத்தில் முதியவர்களை நாற்காலியோடு கட்டிவைத்தார்கள். 1991இல் அமெரிக்க இல்லங்களில் ஐந்தில் ஒருவர் இப்படிக் கட்டப்பட்டிருந்தார். சட்டத்தின் அழுத்தத்தால் 2007இல் அது இருபதில் ஒருவரானது. கட்டை அவிழ்த்துவிட்டால் எல்லோரும் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் பலிக்கவில்லை. கட்டிவைத்ததால் தசை கரைந்ததும் விழுவதற்கு ஒரு காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. தன் வீட்டில் எண்பது வயதுவரை அடுப்பு மூட்டியவர் இல்லத்துக்கு வந்த மறுநாள் தேநீர்கூடப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதில் பிள்ளைகளின் பதற்றத்துக்கும் பங்கு உண்டு. இல்லம் தேடிப் போகும்போது வரவேற்பறையின் விளக்கையும் தரையின் பளபளப்பையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதும் பிள்ளைகளே.

பார்க்கவேண்டியது வேறு. காலையில் எழுப்பும் அந்தப் பெண் எத்தனை மாதமாக அங்கே வேலை செய்கிறார்? 2017, 2018 ஆண்டுகளின் சம்பளப் பதிவேடுகளை அலசிய ஆய்வு ஒன்று, அமெரிக்க இல்லங்களில் செவிலியரும் உதவியாளரும் மாறும் விகிதம் ஆண்டுக்குச் சராசரி 128 சதவீதம் என்று கணக்கிட்டது. ஓராண்டுக்குள் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையைவிட அதிகம் பேர் விலகிப் போகிறார்கள். தன் உடம்பை ஒவ்வொரு மாதமும் புதிய ஒருவருக்குக் காட்டவேண்டியிருப்பவருக்கு எந்த இடமும் வீடாகாது. எந்தக் காதில் கேட்காது, எந்தத் தோளைத் தொட்டால் வலிக்கும், சர்க்கரை எத்தனை கரண்டி என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் இருப்பதே வீட்டின் பாதி. குறைந்த கூலி, முதுகை ஒடிக்கும் வேலை, ஒருவருக்குப் பத்துப் பதினைந்து பேர் என்ற சுமை இருக்கும்வரை அவர் நிற்கமாட்டார். ஒவ்வொரு இல்லவாசிக்கும் நாளுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பாவது கிடைக்கவேண்டும் என்று 2024இல் அமெரிக்க அரசு விதி செய்தது. இல்ல உரிமையாளர்களின் வழக்கில் 2025 ஏப்ரலில் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. திரைச்சீலைக்கு விதி இருக்கிறது, கைகளுக்கு இல்லை.

அங்கே இருப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மெடிக்கெய்டு பணம் கட்டுகிறது. அதற்கு ஈடாக அவர்கள் தம் ஓய்வூதியம் முதலிய வருமானம் அனைத்தையும் இல்லத்துக்கு ஒப்படைக்கிறார்கள். கைச்செலவுக்கு விட்டுவைக்கவேண்டிய குறைந்தபட்சத் தொகை மாதம் 30 டாலர். 1988இல் நிர்ணயித்தது, இன்னும் மாறவில்லை. பல மாநிலங்கள் தாமாகக் கொஞ்சம் கூட்டித் தருகின்றன. முடிதிருத்தம், செருப்பு, தொலைபேசி, பேரனின் பிறந்தநாள் பரிசு எல்லாம் அதற்குள். சொந்தப் பொருள்களால் அறையை நிரப்பிக்கொள்ளுங்கள் என்று ஒரு விதி சொல்கிறது, வாங்குவதற்கு மிஞ்சுவதை இன்னொரு விதி தீர்மானிக்கிறது.

எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது. வீடு போன்ற சூழலுக்குச் சான்று கேட்டால் நான் மூன்றைக் கேட்பேன்: எழும் நேரத்தை முதியவரே முடிவுசெய்கிறாரா, கதவு உள்ள தனி அறை உண்டா, அதே முகங்கள் அடுத்த ஆண்டும் இருக்கின்றனவா. மற்றவை இவற்றுக்குப் பிறகு.

இது நமக்குத் தொலைவான சங்கதி என்று விட்டுவிட முடியாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் இந்தியாவில் வந்தது. அதன் 19ஆம் பிரிவு, ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற கணக்கில் இல்லங்களை மாநில அரசுகள் படிப்படியாக அமைக்கலாம் என்றும், குறைந்தது 150 பேருக்கு இடம் வேண்டும் என்றும் சொல்கிறது. மற்ற நாடுகள் எந்த அளவிலிருந்து பின்வாங்கிப் பத்துப் பேர் கூடத்துக்கு வந்தனவோ, அந்த அளவில் நாம் தொடங்குகிறோம். விடியலில் எழுந்து வாசல் தெளித்தவரை, குளிக்காமல் காபி தொடாதவரை, மறைந்த கணவர் படத்துக்குப் பூ வைக்காமல் நாளைத் தொடங்காதவரை, 150 படுக்கைகளில் ஒரு படுக்கையாக்கினால் அந்தப் பழக்கங்களில் எதுவும் ஒரு வாரம் தாங்காது. இந்த இல்லங்களைத் திட்டமிடும் அதிகாரிகளும் நன்கொடை தருவோரும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 150 பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும் என்று அந்தப் பிரிவு எங்கும் எழுதவில்லை. ஒரே வளாகத்தில் பத்துப் பேருக்கு ஒரு வீடாகப் பதினைந்து வீடுகள் கட்டலாம். ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு இருக்கட்டும்.